விதிவிலக்கா, புறனடையா? – மாநாட்டுத் தலைமை உரை



தலைமை ஏற்க வேண்டும் என்று அமைப்பாளர்கள் எழுதிய கடிதத்தைப் பார்த்தபோது மகிழ்ச்சி வந்தது. அதைப் படித்து முடிப்பதற்குள் அச்சமும் வந்துவிட்டது. எனக்குக் கணினிக் கட்டமைப்பைக் கற்பித்த ஆசிரியர்கள் இருவர் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் நின்று இதைப் பேசுவது எனக்குக் கிடைத்த பேறு. நான் தவறாகச் சொல்வது எதுவாக இருந்தாலும் உணவு இடைவேளையில் அழைத்துத் திருத்துங்கள். உரையின் பிரதியைக் கையோடு கொண்டு வந்திருக்கிறேன்.

அழைப்பிதழில் அச்சிட்டிருக்கும் பொருள் ‘உள்நாட்டுச் செயலிகளும் மெய்நிகராக்கமும்’. இதன் வரலாறு உங்களுக்குத் தெரியும். சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி குழு வடிவமைத்த சில்லுகள் 2018-இல் இரண்டு இடங்களிலிருந்து வந்தன: ஒன்று இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையில் செய்தது, மற்றொன்று சண்டிகரை அடுத்த மொகாலியில் உள்ள எஸ்.சி.எல். ஆலையில் 180 நானோமீட்டரில் செய்தது. 2022 ஏப்ரலில் ஒன்றிய அரசு ரிஸ்க்-வி செயலிகளுக்கான டி.ஐ.ஆர்.-வி திட்டத்தை அறிவித்தது. பேராசிரியர் காமகோடி அதன் தலைமை வடிவமைப்பாளர். 2021 இறுதியில் ரிஸ்க்-வி அமைப்பு, மெய்நிகர் இயந்திரங்களை நடத்தும் ஹைப்பர்வைசர்களுக்கான தன் நீட்சியை முறைப்படி ஏற்றது. அதற்கடுத்த சில வாரங்களில், 2022 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 5.16-இல் ரிஸ்க்-விக்கான கே.வி.எம். ஹைப்பர்வைசர் இடம்பெற்றது. பிற்பகல் அமர்வுகளில் இவை பற்றி என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நேரத்தை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஒரு பழைய செய்தியை மட்டும் நினைவூட்டுகிறேன். ஜெர்மனியின் உதவியால் சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973-இல் ஐ.பி.எம். 370/155 வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஐ.பி.எம். தன் வி.எம்./370-ஐ அறிவித்திருந்தது, ஒரே இயந்திரத்தைப் பல இயந்திரங்களாகக் காட்டும் கலை அப்போதே விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால் 155 ரகம் முதலில் சந்தைக்கு வந்தபோது அதில் முகவரியைப் பெயர்க்கும் டாட் வன்பொருள் கிடையாது. தனியாக வாங்கிச் சேர்த்து 155-II ஆக்கினால்தான் வி.எம். ஓடும். மென்பொருள் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் செயலி தர வேண்டியதைத் தராவிட்டால் கெஸ்ட், அதாவது உள்ளே ஓடும் மெய்நிகர் இயந்திரம், எழுந்து நிற்காது. ஐம்பது ஆண்டுகள் கழித்து நாமே செயலி செய்யும் நாளில் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

போப்பெக்கும் கோல்ட்பெர்க்கும் 1974-இல் எழுதிய கட்டுரையை மேற்கோள் காட்டாத ஆய்வேடு நம் பகுதியில் ஒன்றுகூட இல்லை. நன்று. ஆனால் அதன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டிய இன்னொரு கட்டுரை இருக்கிறது. எந்தப் பாடத்திட்டத்திலும் அதை நான் காணவில்லை. ஜான் ஸ்காட் ராபினும் சிந்தியா இர்வினும் 2000-ஆம் ஆண்டு யூஸ்நிக்ஸ் பாதுகாப்புக் கருத்தரங்கில் அளித்தது. பென்டியம் செயலியின் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்து, 17 கட்டளைகள் மெய்நிகராக்கத்துக்கு இடம் கொடுக்காதவை என்று காட்டினார்கள். முதல் கட்டுரையின் தேற்றத்தை மட்டும் நடத்திவிட்டுப் போகும் ஆசிரியர், நெல் எப்படி விளைகிறது என்று சொல்லிவிட்டு வயலைக் காட்டாதவர். வயல் அந்த 17 கட்டளைகளில் இருக்கிறது.

அவற்றில் பாப்-எஃப் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். அடுக்கிலிருந்து கொடிப் பதிவகத்தை மீட்கும் கட்டளை அது. கெர்னல் அதை ஓட்டினால் குறுக்கீடுகளை ஏற்கும் கொடி மாறும். அதிகாரம் குறைந்த நிலையில் ஓட்டினால் கொடி மாறாது. அதோடு, மாறவில்லை என்ற தகவலும் யாருக்கும் போகாது. தடுப்பும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. செயலி அடுத்த கட்டளைக்குப் போய்விடும். ஹைப்பர்வைசர் கெஸ்டின் கெர்னலைக் கீழ்நிலைக்கு இறக்கி ஓட்டுகிறது என்று வையுங்கள். குறுக்கீட்டை அடைத்துவிட்டதாக கெஸ்ட் நம்பிக்கொண்டிருக்கும். அது அடைக்க முயன்றதே ஹைப்பர்வைசருக்குத் தெரியாது. வி.எம்.வேர் 1999-இல் கட்டளைகளை ஓடும்போதே பெயர்த்து எழுதியதும், ஸென் 2003-இல் கெஸ்டின் கெர்னலையே திருத்தியதும், இன்டெல் 2005-இல் வி.டி.-எக்ஸ் வசதியைச் செயலிக்குள் வைத்ததும் இந்த மௌனத்துக்குத் தேடிய மருந்துகள்தான். செயலி வாய் திறந்திருந்தால் இத்தனை உழைப்பும் வேண்டியிருக்காது.

என் வாதம் இதுதான்: செயலி கெஸ்டுக்குச் சொல்ல வேண்டிய ஒன்று வழியில் காணாமல் போவதைவிடப் பெரிய பிழை ஹைப்பர்வைசரில் கிடையாது. வேகக் குறைவை அடுத்த பதிப்பில் சரிசெய்யலாம். விழுங்கப்பட்ட செய்தியை யாரும் தேடக்கூட மாட்டார்கள். அப்படி ஒரு செய்தி இருந்தது என்பதே எவருக்கும் தெரியாது.

செயலி சொல்லும் அந்தச் செய்திகளுக்கு நாம் இட்ட சொல் பற்றி இங்கே பேச அனுமதி வேண்டுகிறேன். முன்பு ஒரு கலைச்சொல் கூட்டத்தில் வேறொரு சொல்லை முன்வைத்தேன், கூட்டம் ஏற்கவில்லை. அன்று மறுத்த நண்பர் இன்றும் அவையில் இருக்கிறார். அவர் மீது எனக்கு இருக்கும் மதிப்பு அவருக்குத் தெரியும். ‘எக்ஸெப்ஷன்’ என்பதற்கு நாம் ‘விதிவிலக்கு’ என்று எழுதி வருகிறோம். விதிவிலக்கு என்றால் ஒருவரை ஒரு விதியிலிருந்து விடுவிப்பது. வரிவிலக்கு, தேர்வுக் கட்டண விலக்கு என்று நாம் சொல்வது அந்தப் பொருளில்தான். பேஜ் ஃபால்ட் வரும்போது செயலி யாரையும் எதிலிருந்தும் விடுவிப்பதில்லை. வழக்கமான ஓட்டத்தில் அடங்காத ஒன்று வந்துவிட்டது, அதற்கென்று முன்பே வகுத்து வைத்த வழியில் அதைச் செலுத்துகிறது. இதற்கு நம் இலக்கணத்தில் பழஞ்சொல் ஒன்று இருக்கிறது: புறனடை. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரம் குற்றியலுகரப் புணரியலில் முடிகிறது. அந்த இயல் முடிவது புறனடையில். சொன்ன விதிகளுக்குள் வராதவை வழக்கில் தோன்றினால் அவற்றை எப்படிக் கொள்வது என்று சொல்லிவிட்டுத்தான் ஆசிரியர் அதிகாரத்தை முடிக்கிறார். விதிக்கு வெளியே போனதும் நூலுக்கு வெளியே போய்விடவில்லை. எந்தப் புறனடை எங்கே போக வேண்டும் என்று குறித்து வைக்கும் செயலியின் ஐ.டி.டி. அட்டவணை செய்வதும் இதுவே.

மாணவர்களுக்குப் புரியாது என்பது அன்று நண்பர் சொன்ன தடை. பத்தாம் வகுப்பில் புணர்ச்சி விதி படித்த மாணவருக்குப் புறனடை என்றால் ஒரு நிமிடத்தில் புரிய வைக்கலாம். ‘விதிவிலக்கு’ என்று கேட்டு, ஏதோ ஒன்று மன்னிக்கப்படுகிறது போலும் என்று நினைத்துவிட்ட மாணவரைத் திருத்த எனக்கு ஒரு பருவம் முழுதும் ஆகியிருக்கிறது. இந்த உரையில் இனி புறனடை என்றே சொல்வேன். நண்பர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, புறனடைகளை யார் கையாள்வது என்ற கேள்வி. இங்கே நம்மிடையே ஒரு சிந்தனைப் பள்ளி வலுவாக இருக்கிறது: கெஸ்டிலிருந்து ஹைப்பர்வைசருக்கு வெளியேறும் எண்ணிக்கை குறையக் குறைய ஹைப்பர்வைசர் சிறந்தது என்பது அவர்கள் கொள்கை. கடந்த சில ஆண்டுகளாக நம் கருத்தரங்குக் கட்டுரைகளில் பாதி இந்த எண்ணிக்கையை எண்ணுபவை. அந்த உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் எண்ணிக்கையை இலக்காக்கினால் எதை இழப்போம் என்று கேட்கிறேன்.

நம் ஊர் நடைமுறையையே பாருங்கள். திண்டிவனம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பட்டா மாறுதல் மனு கிளம்புகிறது. கிராம நிர்வாக அலுவலர் பார்ப்பார். வட்டாட்சியர் அலுவலகத்தில் முடியும். முடிவில் குறை இருந்தால் திண்டிவனம் சார் ஆட்சியரிடம் மேல்முறையீடு. இத்தனைக்கும் மாவட்டத் தலைநகரான விழுப்புரம் வரை வர வேண்டியதில்லை. வர வேண்டியவை சில உண்டு. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரே வாங்குகிறார். எது எங்கே முடிய வேண்டும் என்ற பகிர்வு எழுத்தில் இருக்கிறது. எல்லா மனுவும் விழுப்புரத்துக்கு வந்தால் நிர்வாகம் நின்றுவிடும். எதுவுமே வரக் கூடாது என்றால் ஆட்சியர் எதற்கு?

ரிஸ்க்-வி இந்தப் பகிர்வை ஒரு பதிவகத்தில் எழுதி வைத்திருக்கிறது: ஹெச்-இ-டெலெக். அதில் ஒரு பிட்டை ஏற்றினால் அந்தப் புறனடை ஹைப்பர்வைசரிடம் வராமல் கெஸ்டின் கெர்னலுக்கே நேராகப் போகும். கே.வி.எம். முதலில் வந்தபோது இப்படி ஆறைக் கையளித்தது: கட்டளை முகவரி ஒழுங்கின்மை, பிரேக்பாயின்ட், பயனர் நிரலின் சிஸ்டம் கால், மூன்று வகைப் பேஜ் ஃபால்ட். கெஸ்டுக்குள் ஒரு நிரல் கோப்பைத் திறந்தால் ஹைப்பர்வைசருக்கு அது தெரியவே வேண்டியதில்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் முடிகிற வேலை. கெஸ்டின் நினைவக அட்டவணைக்கு அடியில், ஹைப்பர்வைசர் வைத்த இரண்டாம் அட்டவணையில் பக்கம் இல்லாவிட்டால் எழும் புறனடைகளையோ கையளிக்கவே முடியாது. அந்தப் பிட்டுகள் எப்போதும் பூஜ்யம் என்று விதியே சொல்கிறது.

பட்டியலில் இல்லாத ஒன்றைக் கவனியுங்கள். செல்லாக் கட்டளைப் புறனடை அந்த ஆறில் இல்லை, ஹைப்பர்வைசரிடம்தான் வரும். இது சரியான முடிவு என்பது என் எண்ணம், ஏனெனில் சில கட்டளைகளை ஹைப்பர்வைசரே பார்த்துப் போலி செய்ய வேண்டியிருக்கும். ஆனால் அந்தப் புறனடை வந்தபோது கே.வி.எம். முதலில் கெஸ்டை அப்படியே நிறுத்திவிட்டது. வெறும் இயந்திரத்தில் அதே கட்டளை ஓடியிருந்தால் கெர்னல் அந்த ஒரு நிரலை மட்டும் முடித்துவிட்டு மற்ற வேலைகளைத் தொடர்ந்திருக்கும். கெஸ்டிடமே திருப்பிக் கொடுத்துவிடு, என்ன செய்வது என்று அது தீர்மானிக்கட்டும் என்ற திருத்தம் பின்னர்தான் வந்தது. வெளியேற்றங்களை எண்ணும் எந்த ஆய்வும் இந்தக் குறையைக் கண்டிருக்காது. எண்ணிக்கையில் அது ஒன்றே ஒன்றுதான்.

கே.வி.எம்.மோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அனுப் படேல் எழுதிய எக்ஸ்வைசர் என்ற திறந்த மூல ஹைப்பர்வைசர். ரிஸ்க்-வி நீட்சி வரைவு நிலையில் இருந்தபோதே அதை ஓட்டிப் பார்த்தது எக்ஸ்வைசர். ஓர் இந்தியர் தொடங்கிய இந்தப் பணியை நம் ஆய்வேடுகள் அடிக்குறிப்பில்கூடச் சொல்வதில்லை. நெடுநாள் வருத்தம், சொல்லிவிட்டேன்.

எதையும் தடுக்காதே என்ற பள்ளிக்கு 2015 நவம்பர் ஒரு பாடம் தந்தது. இன்டெல், ஏ.எம்.டி. செயலிகளில் ஒழுங்கமைவுச் சோதனைப் புறனடையை ஹைப்பர்வைசர்கள் கெஸ்டிடமே விட்டிருந்தன. அதைக் கெஸ்டிடம் சேர்க்கும்போது செயலி அடுக்கில் எழுத வேண்டும். கெஸ்ட் வேண்டுமென்றே அடுக்கை ஒழுங்கு தவறிய முகவரியில் வைத்தால், அந்த எழுத்தே மீண்டும் அதே புறனடையை எழுப்பும். அதைச் சேர்க்க முயன்றால் மறுபடியும் அதுவே. இது இரட்டைப் பிழையாக உயர்ந்து முடியும் இனத்தில் சேராது. இரண்டு கட்டளைகளுக்கு நடுவில்கூடச் செயலி நிற்காததால் ஹோஸ்டின் குறுக்கீடுகளும் நுழைய முடியாது. ஒரு சாதாரண கெஸ்ட் முழு இயந்திரத்தையும் முடக்கிவிடும். டிபக் புறனடையிலும் இதே ஓட்டை இருந்தது. கே.வி.எம்., ஸென் இரண்டும் அன்றுமுதல் இவ்விரண்டையும் தாமே பிடித்து, பார்த்து, பிறகு கெஸ்டிடம் சேர்க்கின்றன. வெளியேற்றங்கள் சற்றுக் கூடின. கூடியது சரி.

இனி ஒரு சொந்த அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர்கள் நால்வர் ஆய்வகத்தில் சிறிய ஹைப்பர்வைசர் ஒன்றை எழுதினார்கள். எல்லாம் ஓடியது. ஆனால் கெஸ்டில் எப்போதாவது ஒரு விசையழுத்தம் காணாமல் போகும். மூன்று வாரம் தேடினோம். காரணம், கெஸ்டுக்குக் குறுக்கீட்டைச் சேர்க்கும் நடுவில், அதன் அடுக்குப் பக்கம் இரண்டாம் அட்டவணையில் இல்லாததால் செயலி ஹைப்பர்வைசரிடம் வெளியேறியது. மாணவர்கள் பக்கத்தைச் சேர்த்துவிட்டு கெஸ்டைத் தொடர்ந்து ஓட்டினார்கள். பாதி வழியில் நின்ற அந்தக் குறுக்கீட்டை மறுபடி செலுத்தவில்லை. இன்டெல் செயலி இதைச் சொல்லாமல் விடவில்லை. ஐ.டி.டி.-வெக்டரிங் தகவல் என்று தனிப் புலமே வைத்து, ‘நான் இதைச் சேர்த்துக்கொண்டிருந்தபோது இது நடந்தது’ என்று எழுதிக் கொடுக்கிறது. நாங்கள்தான் அதைப் படிக்கவில்லை. அந்தப் புலத்தைப் பற்றி அதுவரை நான் வகுப்பில் ஒரு சொல் சொன்னதில்லை. தவறு என்னுடையது. அன்றிலிருந்து ஹைப்பர்வைசர் பாடத்தை அந்தப் புலத்திலிருந்தே தொடங்குகிறேன்.

செய்தியை விழுங்கும் மௌனத்தைச் சிலர் விரும்பியே தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரும் கவலை. கே.வி.எம்.மில் ‘இக்னோர் எம்.எஸ்.ஆர்.ஸ்’ என்று ஓர் அமைப்பு உண்டு. இயல்பாக அது அணைந்திருக்கும். ஏற்றினால், இல்லாத எம்.எஸ்.ஆர். பதிவகத்தை கெஸ்ட் படிக்கும்போது பொதுப் பாதுகாப்புப் புறனடை போகாது, பூஜ்யம் போகும். எழுதினால் எழுத்து காற்றில் போகும். முரண்டு பிடிக்கும் கெஸ்டை எப்படியாவது எழுப்ப இதை ஏற்றுங்கள் என்று நம் பயிலரங்குகளிலேயே சொல்லித் தருகிறோம். லினக்ஸ் கெர்னல் ஒரு பதிவகம் இருக்கிறதா என்று அறியும் முறைகளில் ஒன்று, படித்துப் பார்த்துப் புறனடை வருகிறதா என்று காண்பது. புறனடை வராமல் பூஜ்யம் வந்தால் அது என்ன நினைக்கும்? பதிவகம் இருக்கிறது, மதிப்பு பூஜ்யம் என்று நினைக்கும். அதன் மேல் அடுத்த முடிவுகளை அடுக்கும். இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் இருக்கிறது என்று சொன்ன பொய் அது. பழுது தேடும் நேரத்தில் ஒரு மணி நேரம் இதை ஏற்றி வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நிரந்தரமாக ஏற்றி வைப்பதை எதிர்க்கிறேன்.

வன்பொருள் வசதிகளைக் காட்டும் சி.பி.யு.ஐ.டி. கட்டளைக்கும் இதே அறம் பொருந்தும். இன்டெலில் அந்தக் கட்டளை எப்போதும் ஹைப்பர்வைசரிடம் வெளியேறும். விடையை ஹைப்பர்வைசரே எழுதுகிறது. அங்கே எழுதும் ஒவ்வொரு பிட்டும் கெஸ்டுக்குக் கொடுத்த வாக்கு. அங்கும் ஒரு நேர்மையான பிட் உண்டு: ஒன்றாம் எண் இலையில், இ.சி.எக்ஸ். பதிவகத்தின் 31-ஆம் பிட். உண்மைச் செயலியில் அது எப்போதும் பூஜ்யம். ஹைப்பர்வைசர்கள் அதை ஒன்றாக்கி, நீ தனி இயந்திரத்தில் இல்லை என்று கெஸ்டுக்குச் சொல்கின்றன. எனக்கு மிகப் பிடித்த பிட் அது. வாக்கு தவறும் இடம் வேறு. புதிய சர்வரின் எல்லா வசதிகளையும் ‘ஹோஸ்ட்-பாஸ்த்ரூ’ என்று அப்படியே காட்டிவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் கெஸ்டைப் பழைய சர்வருக்கு மாற்றுகிறார்கள். தொடங்கியபோது ஏ.வி.எக்ஸ்.-2 உண்டு என்று கேட்டுக்கொண்ட நிரல் இன்னொரு முறை கேட்காது. பழைய சர்வரில் அந்தக் கட்டளை வந்ததும் செல்லாக் கட்டளை என்று விழும். இரண்டு சர்வருக்கும் பொதுவானதை மட்டும் காட்டியிருந்தால் நிரல் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கும்; விழுந்திருக்காது.

நேரம் கடந்துவிட்டது, அமர்வுத் தலைவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

காகுப்பத்தில் உள்ள விழுப்புரம் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கும், மேல்பாக்கத்தில் உள்ள திண்டிவனம் கல்லூரி மாணவர்களுக்கும், அரசு கலைக் கல்லூரிகளிலிருந்து வந்திருப்போருக்கும் ஒரு வேண்டுகோள். ரிஸ்க்-வி சில்லு கையில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். க்யூ.இ.எம்.யு. மென்பொருள் ரிஸ்க்-வியின் ஹைப்பர்வைசர் நீட்சியை முழுதும் போலி செய்கிறது, வி.டி.-எக்ஸ் இல்லாத பழைய மடிக்கணினியிலும் மெதுவாகவாவது ஓடும். ஒவ்வொரு புறனடையையும் கெஸ்டுக்குள் வேண்டுமென்றே எழுப்புங்கள். வெறும் இயந்திரத்தில் எப்படி வந்தது, கே.வி.எம்.மில் எப்படி வந்தது, எக்ஸ்வைசரில் எப்படி வந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எது வராமல் போனது என்று சிவப்பு மையில் எழுதுங்கள். அந்த அட்டவணையைத் தமிழில் எழுதி அடுத்த கருத்தரங்குக்குக் கொண்டு வாருங்கள். தலைப்பில் புறனடை என்று போடுவீர்களா, விதிவிலக்கு என்று போடுவீர்களா என்பதை உங்களுக்கே விடுகிறேன். அட்டவணையில் எந்த வரிசையும் காலியாக இருக்கக் கூடாது.

மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.